டி.ஆர். சீனிவாசகம்: ஈப்போ பூங்காவின் பெயரில் இருப்பவர் யார்?

ஈப்போக்காரங்களுக்கு ‘டி.ஆர். பார்க்’ எங்கே இருக்குன்னு சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அதன் பெயர் கொரனேஷன் பார்க். பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவின் நினைவாக வைத்த பெயரை எடுத்துவிட்டு, ஒரு தமிழ் வழக்கறிஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர் அமைச்சராக இருந்தவர் இல்லை. ஆளும் கட்சிக்காரரும் இல்லை.

தர்ம ராஜா சீனிவாசகம் 1921இல் பிறந்தவர், இலங்கைத் தமிழ்க் குடும்பம். அவரும் அவருடைய சகோதரர் எஸ்.பி. சீனிவாசகமும் ஈப்போவில் வழக்கறிஞர்கள். காசு இல்லைன்னு யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார் என்று டி.ஆரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அரசியலில் அவருக்குக் கிடைத்த முதல் மூலதனம் அந்தப் பேச்சுதான்.

சீன வாக்காளர்கள் ஏன் ஒரு தமிழருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

அப்போதைய ஈப்போவை மனதில் வைத்துக்கொண்டால் இது புரியும். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈயச் சுரங்கங்கள். மக்களில் பெரும்பான்மையோர் சீனர்கள். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, காட்டோரத்தில் குடியிருந்த ஏழைச் சீனக் குடும்பங்களைப் பிடுங்கி வந்து முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். குடியுரிமை கிடைக்குமா, பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க முடியுமா என்பதெல்லாம் இவர்களுக்கு அன்றாடக் கவலை.

1953இல் பேரா முற்போக்குக் கட்சி தொடங்கியது. பிறகு மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாறியது. நமக்குத் தெரிந்த பிபிபி இதுதான். எல்லாருக்கும் சம உரிமை வேண்டும், சீனமும் தமிழும் அதிகாரத்துவ மொழிகளாக வேண்டும் என்று கேட்டார்கள். மலாய்க்காரருக்கு ஒரு கட்சி, சீனருக்கு ஒரு கட்சி, இந்தியருக்கு ஒரு கட்சி என்று சேர்ந்திருந்த கூட்டணிக்கு இது நேர் எதிர்.

ஆரம்பத்தில் எடுபடவில்லை. 1955 தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. மிச்சம் இருந்த ஒன்றும் பாஸ் கட்சிக்குப் போனது. பிபிபிக்குப் பூஜ்யம். சுதந்திரம் கிடைத்ததும் ஈப்போ-மெங்லெம்பு உறுப்பினர் லியோங் இயூ கோ மலாக்கா ஆளுநரானார். அதனால் 1957 நவம்பரில் வந்த இடைத்தேர்தலில் டி.ஆர். ஜெயித்துவிட்டார். கூட்டணி நிரம்பி வழிந்த அவையில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

1959இல் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 4 இடம், பேரா சட்டமன்றத்தில் 8 இடம். ஈப்போ நகர மன்றமும் பிபிபி கையில். மத்தியில் எதிர்க்கட்சி, ஊரில் ஆளுங்கட்சி! 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அவை இன்றுவரை திரும்பவில்லை.

வெளியே வந்து சொல்ல முடியுமா?

நாடாளுமன்றத்துக்கு உள்ளே பேசுவதற்காக யாரும் ஓர் உறுப்பினர் மேல் அவதூறு வழக்குப் போட முடியாது. அதே பேச்சை வெளியே பேசினால் போடலாம். அப்போது, சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் சொன்னவர் தலையில் விழும்.

டி.ஆர். ஊழல் குற்றம் சாட்டியது சாதாரண ஆளை இல்லை. கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப்பை. 1960இல் நாட்டின் கல்விக் கொள்கையை வகுத்த அறிக்கைக்கே அவர் பெயர்தான். தைரியம் இருந்தால் வெளியே வந்து சொல் என்று சவால் வந்தது. பெரும்பாலான அரசியல்வாதிகள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள். டி.ஆர். வெளியே போய்ப் பொது மேடையில் அதையே சொன்னார். சாட்சியை வைத்து வாதாடத் தெரிந்தவர், என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தார்.

அமைச்சர் வழக்குத் தொடுத்தார், தோற்றார், பதவி விலகினார். 1966இல் மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை. ஓர் அமைச்சரை ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் நீதிமன்றத்தில் வென்றது அன்று சின்ன விஷயமில்லை, இன்றும்தான்.

ஆனால் வாக்குப் பெட்டி எப்போதும் அவர் பக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1964இல் கட்சி சுருங்கியது: நாடாளுமன்றத்தில் 2, சட்டமன்றத்தில் 5. அந்த இரண்டு நாடாளுமன்ற இடங்களும் ஈப்போவும் மெங்லெம்புவும், அதாவது அண்ணன் தம்பி இருவருடைய தொகுதிகள். பேராவுக்கு வெளியே பிபிபியால் வேர் பிடிக்கவே முடியவில்லை. இதை அதன் பெரிய பலவீனம் என்றே சொல்ல வேண்டும்.

1969 மார்ச் 15ஆம் தேதி டி.ஆர். காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

மே 10ஆம் தேதி பேரா மக்கள் வாக்களித்தபோது பிபிபி 12 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. அதன் வரலாற்றிலேயே இதுதான் உச்சம். 40 இடங்களில் கூட்டணிக்கு 19தான், பெரும்பான்மை போய்விட்டது. மாநில ஆட்சி யாருக்கு என்ற கேள்வி எழுந்த நேரத்தில், மே 13 கலவரம் வெடித்து நாடே அவசரகாலத்துக்குள் போனது.

கட்சி எஸ்.பி. கைக்கு வந்தது. 1972இல் அவர் பேராவில் கூட்டணியோடு கைகோத்தார். டி.ஆர். எதிர்த்து வந்த அதே கூட்டணி. பிறகு பிபிபி தேசிய முன்னணிக்குள் போனது. 1974 தேர்தலில் எஸ்.பி. தோற்றார். அடுத்த ஆண்டு அவரும் காலமானார்.