பள்ளிக்குத் திரும்பிய மாஸ்டர்

1882-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஓர் இரவு பத்து மணியளவில், கல்கத்தாவில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் தம் மனைவியுடன் வீட்டைவிட்டு வெளியேறினார். கூட்டுக் குடும்பத்தில் ஓயாது மூண்ட பூசல்கள் அவரது நெஞ்சை வறளச் செய்திருந்தன. இனி இவ்வுயிரையே வைத்திருக்க வேண்டாம் என்று எண்ணும் அளவுக்கு மனம் கசந்திருந்தது. போகும் வழியில் வண்டிச் சக்கரம் உடைந்தது. அருகிலிருந்த நண்பரின் வீட்டை நாடினார். அங்கும் முகமலர்ந்த வரவேற்பு இல்லை. பிறகு வேறு வண்டி பிடித்து, பராநகரிலிருந்த சகோதரியின் வீட்டை அடைந்தார்.

அவர் மகேந்திரநாத் குப்தர். ‘ம’ என்ற ஓரெழுத்தின் பின்னே தம்மை மறைத்துக்கொண்டு, ஸ்ரீராமகிருஷ்ண கதாமிருதத்தை உலகிற்கு அளித்தவர். அப்போது அவருக்கு வயது 27. பல்கலைக்கழகத்தின் பி.ஏ. தேர்வில் மூன்றாம் இடம் பெற்றவர். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் நிறுவிய பள்ளியின் சியாம்புகூர் கிளையில் தலைமையாசிரியர். கல்வியும் பதவியும் இருந்தன. அவ்விரவில் அவை இரண்டும் அவருக்குத் துணை நிற்கவில்லை.

சில நாட்களுக்குப் பின், பிப்ரவரி 26 ஞாயிறன்று, உறவினரான சித்து அவரைக் கங்கைக்கரைத் தோட்டங்களில் உலாவ அழைத்துச் சென்றார். ஒரு பரமஹம்சர் வாழும் தோட்டம் அருகில் இருப்பதைச் சித்து சொல்ல, இருவரும் தட்சிணேசுவரம் சென்றனர். மாலை வேளை. சிறிய அறை நிறைய மக்கள். நடுவே அமர்ந்து இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் ஸ்ரீராமகிருஷ்ணர். மகேந்திரர் தம்மை மறந்து நின்றார்.

இரண்டாம் சந்திப்பு அத்தனை இனிதாக அமையவில்லை. அவருக்குத் திருமணமாகிப் பிள்ளைகளும் உள்ளதை அறிந்து குருதேவர் வருந்தினார். மண்ணுருவை வணங்குவோருக்கு உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டாமா என்று மகேந்திரர் வாதிட்டபோது, பிறருக்குப் போதிக்கத் துடிக்கும் கல்கத்தாவாசிகளின் வழக்கத்தையே கடிந்துகொண்டார். ஆசிரியத் தொழிலையே அடையாளமாகக் கொண்டிருந்தவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. அன்றோடு அவர் வாதம் செய்வதை விட்டார்.

இல்லறத்தில் இருந்துகொண்டு இறைவனை எப்படி நினைப்பது என்பதே அவரது அடுத்த கேள்வி. குருதேவர் பணக்காரர் வீட்டுப் பணிப்பெண்ணை உவமையாகக் காட்டினார். அவள் எசமானரின் குழந்தையைத் தன் பிள்ளைபோல் சீராட்டி வளர்க்கிறாள். ஆனால் தன் வீடு எங்கோ ஒரு கிராமத்தில் இருப்பதை ஒருநாளும் மறப்பதில்லை. வேலையில் சலித்தவர்கள் இவ்வுவமையின் பின்பாதியை மட்டும் பற்றிக்கொள்வது வழக்கம். மகேந்திரர் குழந்தையை விட்டுவிடவில்லை. துறவு பூண வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு எழாமல் இல்லை. குருதேவர் அதற்கு இசையவில்லை. வெறுத்து வெளியேறிய அதே வீட்டிற்கும் பள்ளிக்கும் அவரை அனுப்பிவைத்தார்.

திரும்பிச் சென்ற ஆசிரியர் வேறொருவர். சாரதாபிரசன்னன் என்ற மாணவன் தேர்வு வேளையில் தன் தங்கக் கடிகாரத்தைத் தொலைத்துவிட்டான். அக்கலக்கத்தில் தேர்வைச் சரியாக எழுதவில்லை. இரண்டாம் வகுப்பே கிடைத்தது. வாடிய அந்த முகம் மகேந்திரரின் கண்ணில் பட்டது. ஈராண்டுகளுக்கு முன் அவருடைய முகமும் அப்படித்தான் இருந்தது. ஆறுதல் மொழி சொல்லி அனுப்பிவிடாமல், 1884 டிசம்பரில் அவனைத் தட்சிணேசுவரத்திற்கே அழைத்துச் சென்றார். அச்சிறுவனே பின்னாளில் சுவாமி திரிகுணாதீதானந்தராகி, சான்பிரான்சிஸ்கோவில் ஆலயம் எழுப்பினார். பாபுராமும் பூர்ணனும் இவருடைய மாணவர்களே. பிள்ளை பிடிக்கும் வாத்தியார் என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது! பள்ளியின் இடைவேளையில் அருகிலிருந்த பலராம் போஸின் இல்லத்திற்குக் குருதேவரைக் காண ஓடிவருவார்; பக்தர்கள், வாத்தியாரே பள்ளிக்கு மட்டம் போடுவதாகக் கேலி செய்வார்கள்.

இதற்கு விலையும் இருந்தது. 1886-இல் குருதேவர் நோயுற்றிருந்த வேளை, பள்ளியின் தேர்வு முடிவுகள் முன்போல் அமையவில்லை. மகேந்திரர் அடிக்கடி குருதேவரிடம் செல்வதே காரணம் என வித்தியாசாகரர் குறிப்பிட்டார். ஒரு நிர்வாகியின் பார்வையில் அது நியாயமான குறைதான். மகேந்திரர் உடனே பதவி விலகினார். குருதேவர் அதை ஆமோதித்தார். எனினும் குடும்பத்தை எப்படிக் காப்பது என்ற கவலை அவரை விடவில்லை; வீட்டில் மனைவியோ மகனை இழந்த துயரில் சித்தம் கலங்கியிருந்தார். சில நாட்களில் சுரேந்திரநாத் பானர்ஜியிடமிருந்து அழைப்பு வந்து, ரிப்பன் கல்லூரியில் பணி கிடைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் குருதேவர் மகாசமாதி அடைந்தார். இளம் துறவிகள் பராநகர் மடத்தில் பசியோடு தவமிருந்த காலம் அது. மகேந்திரர் ஒரே சமயத்தில் மூன்று பள்ளிகளில் பாடம் நடத்தினார். ஒரு சம்பளம் மடத்திற்கு. ஒன்று அன்னை ஸ்ரீசாரதாதேவிக்கு. ஒன்று தம் குடும்பத்திற்கு. முன்பு ஒரு பள்ளி இருந்தும் வாழப் பிடிக்காமற்போனவர், இப்போது மூன்று பள்ளிகளின் சுமையையும் தாமே தேடிச் சுமந்தார்.

1905-இல் மார்ட்டன் பள்ளியை விலைக்கு வாங்கினார். நாட்குறிப்புகளிலிருந்து கதாமிருதத்தின் முதல் பாகம் 1902-இலேயே நூலாகியிருந்தது. அடுத்தவை பள்ளிப் பொறுப்புகளுக்கிடையே உருவாயின. முதுமையிலும் அவர் சில இரவுகளில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, பல்கலைக்கழக செனட் மண்டபத்தின் திறந்த தாழ்வாரத்திற்குச் செல்வார். தமக்கென வீடில்லை என்பதை உணர்வதற்காக, வீடற்றோர் நடுவே படுத்துறங்குவார். விடிந்ததும் வீடு திரும்புவார்.

1932 ஜூன் 3 இரவு, ஐந்தாம் பாகத்தின் அச்சுப்படிகளைத் திருத்தி முடித்தார். மறுநாள் அதிகாலையில் அவரது உயிர் பிரிந்தது.