இருட்டைப் படம் பிடித்தவர் – பிராசாய்



ராத்திரியில் போட்டோ எடுத்தால் என்ன விழும்? வெறும் கறுப்புதானே விழும் என்று கேட்போம். ஆனால் ஒரு நகரத்தின் இரவை மட்டுமே படம் எடுத்து, அதை ஒரு புத்தகமாகப் போட்டு, உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிராசாய். முப்பது வயது வரை அவருக்குக் கேமரா மேல் மரியாதையே கிடையாது என்பதுதான் வேடிக்கை!

பிறப்பும் படிப்பும்

அவருடைய சொந்தப் பெயர் ஜூலா ஹலாஸ். 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி பிராஷோ என்ற மலையடிவார ஊரில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஹங்கேரியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ருமேனியாவுக்குப் போய்விட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாடு மட்டும் மாறிவிட்டது!

அப்பா பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த ஆசிரியர். ஜூலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா குடும்பத்தோடு ஒரு வருஷம் பாரிஸில் போய்த் தங்கினார். அந்த நகரம் பையன் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகு புடாபெஸ்டிலும் பெர்லினிலும் ஓவியம் படித்தார். நடுவில் போர் வந்ததால் குதிரைப் படையிலும் இருந்தார். 1924-ல் பாரிஸுக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

கேமரா கைக்கு வந்த கதை

ஓவியர் ஆகணும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் வயிற்றுப்பாடு இருக்கிறதே! அதனால் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைத்தார். கட்டுரைக்குப் படமும் வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். ஆந்த்ரே கெர்த்தேஸ் என்ற இன்னொரு ஹங்கேரிக்காரர் அப்போது பாரிஸில் நல்ல புகைப்படக்காரர். அவரோடு பழகிய பிறகுதான் கேமரா என்பது லேசுப்பட்ட சாமான் இல்லை என்று இவருக்குப் புரிந்தது.

இவருக்கு ராத்திரியில் ஊர் சுற்றும் பழக்கம் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் பழைய கட்டடங்களையும், சேன் ஆற்றில் அவை தலைகீழாகத் தெரிவதையும் பார்த்துக்கொண்டே விடிய விடிய நடப்பாராம். பார்த்ததை மறந்து போகாமல் வைத்துக்கொள்ள என்ன வழி? பிரஷ்ஷால் முடியவில்லை. அதனால் 1929, 30 வாக்கில் தன் முப்பதாவது வயதில் கேமராவைத் தூக்கினார்.

எப்படி எடுத்தார்?

இதுதான் முக்கியம். இன்றைக்குச் செல்போனை நீட்டினால் இரவிலும் படம் விழுந்துவிடுகிறது. அன்றைக்குப் பிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகடு. இரவு வெளிச்சம் அதில் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். அதுவரை கேமரா ஒரு நூல்கூட அசையக் கூடாது. மரத்தால் ஆன முக்காலி ஸ்டாண்ட், கனமான பை, சுமார் இரண்டு டஜன் தகடுகள், இவ்வளவையும் சுமந்துகொண்டு போவார். தகடு தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. அதனால் ஒன்றைக்கூட வீணாக்க முடியாது. நின்று யோசித்துத்தான் எடுக்கணும்.

நேரத்தை எப்படிக் கணக்குப் பண்ணினார் தெரியுமா? சிகரெட்டை வைத்து! ஓரளவு வெளிச்சம் இருந்தால் சின்ன சிகரெட், இருட்டு அதிகமானால் பெரிய சிகரெட். அது எரிந்து முடிந்தால் படம் முடிந்தது. (இதை மட்டும் நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். நமக்குக் கடிகாரம் இருக்கிறது!)

தெரு விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் படம் கெட்டுவிடும். அதனால் விளக்கை ஒரு மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் மறைகிற மாதிரி நின்றுகொள்வார். மழை பெய்தால் நாமெல்லாம் வீட்டுக்கு ஓடுவோம், அவர் வெளியே கிளம்புவார். ஈரத் தரை கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். மூடுபனி விளக்கின் கூச்சத்தைக் குறைக்கும். ஈரமான பாதைக் கற்களை மட்டுமே கூட அழகான படமாக ஆக்கியிருக்கிறார்.

சேன் ஆற்றின் மேல் போன் நெஃப் என்று ஒரு கல் பாலம். அந்தப் பெயருக்குப் புதுப்பாலம் என்று அர்த்தம். ஆனால் 1607-ல் கட்டி முடித்த அதுதான் இன்று பாரிஸில் இருக்கிற பாலங்களிலேயே பழையது! இரவில் அதன் வளைவு ஓர் அரை வட்டம், தண்ணீரில் தலைகீழாக இன்னோர் அரை வட்டம். இரண்டும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரிவதைப் பிராசாய் எடுத்தார். வெகுநேரம் கேமரா திறந்திருப்பதால் சின்னச் சின்ன அலைகள் கரைந்து, தண்ணீர் பட்டுத்துணி போல வழவழப்பாக விழும். எது கல், எது நிழல் என்று ஒரு நிமிஷம் மயக்கமாக இருக்கும்.

நோத்ர தாம் தேவாலயக் கோபுரத்தில் ராத்திரி யாரையும் ஏற விடமாட்டார்கள். காவல் இருந்த அம்மாவைச் சரிக்கட்டி, விளக்கில்லாமல் இருட்டிலேயே படியேறிப் போய் எடுத்தாராம். நடுராத்திரியில் ஆற்றங்கரையில் ஓர் ஆள் நின்றால் போலீஸ் சும்மா விடுமா? சந்தேகப்பட்டு விசாரித்ததும் உண்டு. அதற்காக அவர் நிறுத்தவில்லை. தங்கியிருந்த ஹோட்டல் அறையையே இருட்டறையாக்கிப் படங்களைக் கழுவினார்.

புகழும் சோதனையும்

1932 டிசம்பரில் பாரிஸின் இரவு என்ற அவர் புத்தகம் வந்தது. சுமார் 60 படங்கள். ஒரே புத்தகத்தில் பெரிய பெயர் கிடைத்தது. அதே சமயத்தில் ஓவியர் பிக்காசோவின் சிற்பங்களைப் படம் எடுக்கும் வாய்ப்பும் வந்தது.

1940-ல் ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்தது. படம் எடுக்க வேண்டுமானால் அவர்களிடம் அனுமதி வாங்கணும். பிராசாய் கேட்கவே மறுத்துவிட்டார். அதனால் வெளிப்படையாகத் தொழில் செய்ய முடியவில்லை. சும்மா இருக்காமல் மறுபடி ஓவியம் வரைந்தார். பிக்காசோவின் சிற்பங்களை மட்டும் ரகசியமாகப் படம் எடுத்தார். பிழைப்பு போனாலும் பரவாயில்லை என்று இருந்தாரே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

போருக்குப் பின்னும் சுவர்க் கிறுக்கல்களைப் படம் எடுத்தார். அவர் எடுத்த ஒரு குறும்படம் 1956-ல் கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. பிக்காசோவைப் பற்றி 1964-ல் புத்தகம் எழுதினார். 1984 ஜூலையில், 84-வது வயதில் காலமானார். அவர் நேசித்த பாரிஸிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பெயரின் கதை

ஒரு விஷயத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பிராசாய் என்றால் பிராஷோ ஊர்க்காரர் என்று அர்த்தம். நாம் ஒருவரை ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான். போட்டோ என்பது பிழைப்புக்கான வேலை, ஜூலா ஹலாஸ் என்ற சொந்தப் பெயரைப் பெரிய ஓவியன் ஆகும்போது வைத்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்தினாராம். ஆனால் உலகம் அந்தப் பெயரை அறியவே இல்லை. சும்மா வைத்துக்கொண்ட பெயர்தான் நிலைத்தது. நாடு மாறிப்போன அந்த ஊரும் அவர் பெயருக்குள் பத்திரமாக இருக்கிறது.

தோழர்களே! எந்த வேலையையும் மட்டமாக நினைக்கக் கூடாது. நம் திறமை எந்த வேலைக்குள் ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முக்காலியை ஊன்றி, ஆடாமல் அசையாமல் காத்திருந்தால் இருட்டும் படமாகும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி