மண்ணுக்கு ஜாதகம் கணித்தவர்

ருஷியப் பேராசிரியர் டோகுச்சாயேவின் வரலாறு

1891-ஆம் ஆண்டு ருஷியாவில் மழை பொய்த்தது. வோல்கா நதிப் பிரதேசத்திலும் நாட்டின் நடுப்பகுதியிலும் பயிர்கள் கதிர் முற்றுமுன்பே கருகின. களஞ்சியங்கள் காலியாயின. பஞ்சம் தலைவிரித்து ஆடியது. அதன் பின்னாலேயே காலராவும் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள்.

பஞ்சம் வந்த பூமி பாலைவனமாக இருந்திருந்தால் அதில் வியப்பு இல்லை. ஆனால் அதன் பெரும்பகுதி உலகிலேயே வளம் மிகுந்தது என்று பெயர் எடுத்த பூமி. அந்த மண்ணை ருஷியர்கள் 'செர்னோஸெம்' என்பார்கள். கறுப்பு மண் என்று பொருள். எரு போடாமலே தலைமுறை தலைமுறையாக விளைந்த மண் அது. ருஷியப் பேரரசுக்குச் சோறு போட்ட மண் அது. அப்படிப்பட்ட மண்ணில் உழுதவனுக்கே உண்ண உணவில்லாமல் போனது ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர் அப்போது ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். அவர் பெயர் வாஸிலி வாஸிலியெவிச் டோகுச்சாயேவ். பதினான்கு ஆண்டுகளாக அந்தக் கறுப்பு மண்ணே அவருக்கு மூச்சும் பேச்சுமாக இருந்தது.

பாதிரியார் மகன்

1846-ஆம் ஆண்டில், ஸ்மோலென்ஸ்க் மாகாணத்திலுள்ள மில்யுகோவோ என்ற சிற்றூரில் டோகுச்சாயேவ் பிறந்தார். தந்தை அவ்வூர்க் கோயிலின் பாதிரியார். அந்நாளில் பாதிரியார் மகன் பாதிரியாராவதே வழக்கம். ஆகவே பையனையும் வேதப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே படிப்பை முடித்து, 1867-ல் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் உயர்தர வேதக் கல்லூரிக்குப் போனார்.

அங்கே அவர் தங்கியது சில வாரங்கள்தான். மனம் வேறு பக்கம் இழுத்தது. கல்லூரியை விட்டு விலகிச் சர்வகலாசாலையில் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்துவிட்டார். மறைநூலை வைத்துவிட்டு மண்ணையும் கல்லையும் படிக்கலானார்.

1871-ல் பட்டம் பெற அவர் எழுதிய கட்டுரை, சொந்த ஊர்ப் பக்கம் ஓடும் கச்னா என்ற சிற்றாறு கொண்டுவந்து சேர்த்த வண்டலைப் பற்றியது. சிறு வயதில் விளையாடிய ஆற்றங்கரையே அவருக்கு முதல் ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. மறு ஆண்டு சர்வகலாசாலையிலேயே பூகர்ப்பப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலை கிடைத்தது.

கறுப்பாக இருந்தால் போதுமா?

1873-லும் 1875-லும் தென் ருஷியாவில் கடும் வறட்சி ஏற்பட்டது. நாட்டின் அரிசிப்பானை போன்ற கறுப்பு மண்ணே கைவிட்டால் என்ன செய்வது என்ற கவலை பிறந்தது. 1765 முதல் இயங்கிவந்த 'சுதந்திரப் பொருளாதாரச் சங்கம்' 1877-ல் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. நேரில் போய் ஆராயும் பொறுப்பு, அப்போது முப்பத்தொரு வயதான டோகுச்சாயேவிடம் வந்தது.

அதற்கு முன்பே அவர் ருஷிய மண் வரைபடம் ஒன்றைத் தயாரிக்கும் வேலையில் உதவியிருந்தார். அப்போது ஒரு சிக்கலைக் கண்டார். ஊர் ஊராக எழுதிக் கேட்டு வாங்கிய தகவல்களைக் கொண்டே அந்த வரைபடம் வரையப்பட்டது. ஓர் ஊரில் கறுப்பு மண் என்றால் ஒரு பொருள். அடுத்த மாகாணத்தில் வேறு பொருள். சதுப்பு நிலத்துக் கறுப்புச் சேறும் செர்னோஸெம். மேட்டு நிலத்துக் கறுப்பும் செர்னோஸெம்!

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் கறுப்புத்தான். ஆனால் அதில் மக்கிய சத்து பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. அதன் குணமெல்லாம், மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களியினால் வருவது. ருஷியக் கறுப்பு மண்ணோ புல்வேர் மக்கிக் கறுத்த மண். நிறம் ஒன்று, பிறப்பு வேறு. அந்தப் பிறப்பைத்தான் டோகுச்சாயேவ் தேடிப் புறப்பட்டார்.

வண்டியில் ஓர் உலக யாத்திரை

1877, 1878 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோடைக் காலத்தில் அவர் சுற்றிய தூரம் சுமார் 10,000 கிலோமீட்டர். உக்ரேன், பெஸரேபியா, மத்திய ருஷியா, வோல்காவுக்கு அப்பாலுள்ள புல்வெளி, கிரிமியா, காக்கஸஸ் மலையடிவாரம் எல்லாம் அதில் அடக்கம். போன இடமெல்லாம் குழி வெட்டினார். ஓடைக் கரைகளில் மண் செங்குத்தாக அறுந்து நின்றால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார். மேலிருந்து கீழே அடிக்கோலால் அளப்பார்.

மேலே கறுத்த அடுக்கு. அதன் கீழே நிறம் மங்கிக்கொண்டே போகும் நடு அடுக்கு. அதற்கும் கீழே மஞ்சள் நிறத் தாய்மண். இந்த மூன்றுக்கும் ஏ, பி, சி என்று பெயர் வைத்தார். இன்றும் உலகெங்கும் மண் நிபுணர்கள் குழிக்குள் இறங்கியதும் இந்த எழுத்துக்களைத்தான் எழுதுகிறார்கள்.

கறுப்பு அடுக்கின் ஆழம், நிலத்தின் சரிவு, மேலே முளைத்த புல்லின் வகை, அடியிலுள்ள பாறை, அவ்விடத்து மழை, வெயில் அனைத்தையும் குறித்துக்கொண்டார். மஞ்சள் மண்ணில் கறுப்பு வட்டங்களும், கறுப்பு மண்ணில் மஞ்சள் வட்டங்களும் தென்பட்டன. அவை புல்வெளியில் வளை தோண்டும் பிராணிகளின் பழைய வளைகள்; பிறகு மண் விழுந்து தூர்ந்தவை. மண்ணைப் புரட்டிப் போடுவதில் எலிக்கும் அணிலுக்கும்கூடப் பங்கு உண்டு என்பதை அவர் விட்டுவிடவில்லை.

சேகரித்த மண் ரசாயன ஆராய்ச்சிக்குப் போனது. டோர்பாட் சர்வகலாசாலையின் ரசாயனப் பேராசிரியர் கார்ல் ஷ்மிட் பல மாதிரிகளைப் பகுத்துப் பார்த்துக் கொடுத்தார். நூறு பங்கு மண்ணில் மக்கு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் கைக்கு வந்தது.

கடலா? சதுப்பா? புல்லா?

அந்நாளில் கறுப்பு மண்ணின் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே பெரிய வழக்கே நடந்துகொண்டிருந்தது. பழைய கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற சேறு என்றார்கள் சிலர். சதுப்பு நிலம் காய்ந்து உண்டானது என்றார்கள் வேறு சிலர். ரூப்ரெக்ட் என்ற தாவர நிபுணர், புல்வெளிச் செடிகள் மக்கியதால் உண்டானது என்று 1866-ல் எழுதியிருந்தார். ஆனால் சீதோஷ்ணத்துக்கு இதில் வேலையில்லை என்பது அவர் கருத்து.

டோகுச்சாயேவ் தம் கணக்குகளைப் பரப்பி வைத்தார். கடல் விட்டுப்போன சேறு என்றால் கடற்சிப்பி எங்கே? அது கிடைக்கவில்லை. சதுப்பு என்றால் பள்ளத்தில் மட்டும்தானே இருக்க வேண்டும்? சமமான மேட்டு நிலத்தில் அல்லவா ஆழமாகக் கிடக்கிறது! ஆகவே புல்தான் காரணம். ஆனால் புல் மட்டும் போதாது.

மண்ணிலுள்ள மக்கின் அளவை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். ஒரே அளவுள்ள இடங்களைச் சேர்த்தபோது பட்டை பட்டையாகக் கோலம் விழுந்தது. நடுப்பட்டையில் நூற்றுக்கு 13 முதல் 16 பங்கு. அதன் இருபுறமும் 10, 7, 4 என்று குறைந்துகொண்டே போயிற்று. அந்தப் பட்டைகள் பாறையைப் பின்பற்றவில்லை. மழையையும் வெப்பத்தையும் பின்பற்றின.

வடக்கே குளிரும் ஈரமும் மிகுதி. அங்கே காடு வளரும். மழைநீர் சத்தைக் கீழே அடித்துக்கொண்டு போகும். மண் சாம்பல் பூத்துக் கிடக்கும். தென்கிழக்கே வெயில் மிகுதி, மழை குறைவு. புல்லே அரிது; மக்குவதற்கு என்ன இருக்கிறது? இரண்டுக்கும் நடுவில் புல் செழிப்பாக வளரவும், வளர்ந்தது முழுவதும் அழிந்துபோகாமல் மண்ணில் தங்கவும் ஏற்ற அளவான சீதோஷ்ணம் இருக்கிறது. அங்கேதான் கறுப்பு மண் பிறந்தது.

ஐந்து பேர் பெற்ற பிள்ளை

1883-ல் 'ருஷியக் கறுப்பு மண்' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. டாக்டர் பட்டத்துக்காக அதைச் சபையில் வைத்தபோது, கேள்வி கேட்க அமர்ந்தவர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்ற ரசாயன மேதை மெண்டலீவ். பட்டம் கிடைத்தது. சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவியும் கிடைத்தது.

அதுவரை பூகர்ப்ப நிபுணர்களுக்கு மண் என்றால் பாறையின் தூள். ரசாயன நிபுணர்களுக்கு அது பயிருக்குச் சத்து வைத்திருக்கும் சட்டி. டோகுச்சாயேவ் இரண்டையும் மறுத்தார். செடி, பிராணி, கல் போல மண்ணும் இயற்கையில் தனிப் பொருள். அதற்குப் பிறப்பும் வளர்ச்சியும் உண்டு என்றார். தாய்ப்பாறை, சீதோஷ்ணம், செடியும் பிராணியும், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகிய ஐந்தும் கூடினால்தான் மண். ஒன்று மாறினாலும் மண் மாறிவிடும்.

காலத்தின் வேலையைக் காண அவர் பழைய லடோகா என்ற ஊரில், 1116-ல் கட்டிய கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்தார். கற்களின் மேல் படிந்து உண்டாகியிருந்த மண் சில அங்குலமே. எழுநூறு ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான் கூலி!

எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. கோஸ்திசெவ் என்ற விவசாய விஞ்ஞானி அவரைக் கடுமையாகத் தாக்கினார். டோகுச்சாயேவ் சீதோஷ்ணத்துக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டார் என்றும், வேர் மக்கும் விதத்தையே முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்றும் வாதாடினார். இருவரும் கண்டதில் உண்மை இருந்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

வரிக்காக அளந்த மண்

நிஷ்னி நாவ்கரட் மாகாணத்தார் நிலவரியை நியாயமாக விதிக்க விரும்பினார்கள். நல்ல நிலத்துக்கும் கெட்ட நிலத்துக்கும் ஒரே வரி என்றால் ஏழைக் குடியானவன் என்ன செய்வான்? எந்த நிலம் நல்லது என்று சொல்ல டோகுச்சாயேவை அழைத்தார்கள். 1882 முதல் மாணவர்களுடன் அங்கே உழைத்தார். 14 பாகங்களாக அறிக்கை வெளிவந்தது. அடுத்துப் பொல்தாவா மாகாணத்துக்கு 16 பாகங்கள்.

இந்த வேலைகளில் பழகியவர்கள் பின்னால் பெரிய விஞ்ஞானிகளானார்கள். ஸிபீர்த்ஸெவ், கிளின்கா, வெர்னாட்ஸ்கி ஆகியோர் அவர் கையில் வளர்ந்தவர்கள். 1889-ல் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்ற அவருடைய மண் மாதிரிகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பஞ்சத்துக்கு மருந்து

இந்த நிலையில்தான் 1891-ன் பஞ்சம் வந்தது. டோகுச்சாயேவ் 1892-ல் 'நம் புல்வெளிகள்: அன்றும் இன்றும்' என்ற நூலை எழுதினார். அதன் வருமானம் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு என்று ஒதுக்கினார்.

மண் கெட்டுப்போகவில்லை என்று அந்த நூலில் விளக்கினார். கெட்டது நீர்வழி. புல்வெளியை ஒரு மூலை விடாமல் உழுதுவிட்டார்கள். காடுகளை வெட்டிவிட்டார்கள். குளிர்காலப் பனியைத் தடுத்து நிறுத்தப் புல் இல்லை. காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. மழைநீர் நிலத்தில் இறங்காமல் ஓடைகளை அறுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுகிறது. நிலத்தடி நீர் கீழே போகிறது. மண்ணில் வளம் இருக்கிறது, ஈரம் இல்லை.

மருந்தும் சொன்னார். வயல்களைச் சுற்றி மரவரிசை நட வேண்டும். ஓடைகள் அரிக்காமல் தடுக்க வேண்டும். குளம் வெட்ட வேண்டும். வயலும், புல்லும், காடும், நீரும் ஒன்றுக்கொன்று அளவோடு இருக்க வேண்டும். இதைச் செய்து காட்ட அரசின் வன இலாகா 1892-ல் அவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. வரோனெஷ் மாகாணத்தில் 'கல் புல்வெளி' என்ற வறண்ட இடத்தில் மரக்கன்றுகள் ஊன்றப்பட்டன.

அதே ஆண்டில் நோவோ அலெக்ஸாண்ட்ரியா விவசாயக் கல்லூரியைச் சீரமைக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. இன்று போலந்து நாட்டில் புவாவி என்று வழங்கும் ஊர் அது. அங்கே 1894-ல் மண்ணியலுக்கென்று தனித்துறை தொடங்கப்பட்டது. மாணவர் ஸிபீர்த்ஸெவ் அதன் பேராசிரியரானார்.

இருண்ட இறுதி நாட்கள்

ஓயாத உழைப்பு உடலை முறித்தது. 1895-க்குப் பிறகு நரம்புத் தளர்ச்சி அவரைப் படுக்கையில் தள்ளியது. 1897-ல் மனைவி அன்னா காலமானார். வாழ்விலும் வேலையிலும் துணையாக இருந்தவர் அவர். அந்த இழப்பு டோகுச்சாயேவை உலுக்கிவிட்டது.

ஆயினும் ஒரு முறை எழுந்தார். 1898 முதல் காக்கஸஸ் மலைகளில் ஏறினார். வடக்கிலிருந்து தெற்கே போகும்போது மண் பட்டை பட்டையாக மாறுவதைப் போலவே, மலையடியிலிருந்து உச்சிக்குப் போகும்போதும் மாறுவதைக் கண்டார். இயற்கை மண்டலங்களைப் பற்றி 1899-ல் எழுதினார். அதுவே அணையும் விளக்கின் கடைசிச் சுடர். 1900-ல் அருமை மாணவர் ஸிபீர்த்ஸெவ் காசநோய்க்கு இரையானார். டோகுச்சாயேவின் கடைசி ஆண்டுகள் மனநோயின் இருளில் கழிந்தன. 1903, நவம்பர் 8-ந் தேதி, ஐம்பத்தேழாவது வயதில் அவர் கண் மூடினார். மனைவியின் சமாதிக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

மறையாத பெயர்

அவர் கொள்கை ருஷியாவுக்கு வெளியே பரவச் சிறிது காலம் ஆயிற்று. கிளின்கா 1914-ல் ஜெர்மன் மொழியில் எழுதினார். அமெரிக்க மண் நிபுணர் மார்பட் அதை 1927-ல் ஆங்கிலத்தில் தந்தார். அதே ஆண்டு வாஷிங்டனில் முதல் உலக மண்ணியல் மாநாடு கூடியது. குடியானவன் வாயில் வழங்கிய செர்னோஸெம், பொட்ஸோல் என்ற ருஷியச் சொற்கள் இன்று எல்லா மொழிப் பாடநூல்களிலும் இருக்கின்றன.

கல் புல்வெளியில் அந்நாளில் நட்ட மரங்களில் பல இன்றும் நிற்கின்றன. அவற்றின் நிழலை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த மரவரிசைகளுக்கு நடுவே, குளிர்காலப் பனி காற்றில் பறந்துபோகாமல் தங்கி, வசந்தத்தில் உருகி, கறுப்பு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.