மானிப்பாய் டாக்டர் கிறீன்

கடையில் நமக்கு எதிரே நிற்கும் வாடிக்கைக்காரரின் வலக்கை, நமக்கு இடப்பக்கத்தில் இருக்கும். மய்யித்தைக் குளிப்பாட்டிய அனுபவமுள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். வலப்புறத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நமது மார்க்க முறை. அது மய்யித்தின் வலப்புறமேயன்றி நீர் ஊற்றுகிறவரின் வலப்புறமன்று. வைத்திய சாஸ்திரமும் இதே விதியைத்தான் கைக்கொள்கிறது. அந்தச் சாஸ்திரத்தைத் தமிழில் எழுதிவைத்த ஒருவரின் சரிதையை இங்கே கூற விரும்புகிறோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ந் தேதி அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் பிறந்தார். 1845இல் நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். தம் மதத்தைப் பரப்பவும் வந்தவர்தான் அவர். அதை நாம் மறைக்கவில்லை. அவர் செய்த நன்மையை மறைப்பதும் நமக்கு அழகன்று.

முதலில் ஆங்கிலத்தில்தான் மாணாக்கர்களுக்குப் பாடம் சொன்னார். தேறியவர்கள் சர்க்கார் உத்தியோகத்தை நாடிப் போய்விடவே, கிராமத்து நோயாளிக்கு ஆளில்லாது போயிற்று. ஊரிலேயே தங்கும் வைத்தியர் வேண்டுமானால் ஊர்ப் பாஷையிலேயே கற்பிக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். 1862இல் தாயகத்திலிருந்து திரும்பி வந்த பின் தமிழிலேயே வகுப்பு நடத்தினார்.

புத்தகம் வேண்டுமே! தமிழ்ச் சொல் கிடைத்தால் அதையே வைத்தார். இல்லையேல் வடமொழியில் தேடினார். அங்கும் அகப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். உடற்கூற்று நூலோ 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயருடன் 1872இல் வெளிவந்தது. அவருடைய மாணாக்கர் சாப்மனுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

உடற்கூறு எழுதுகிறவனுக்கு முதல் சிக்கல் திசைதான். படுத்திருப்பவனுக்கு மேல் எது, கீழ் எது? கையைத் திருப்பினால் முன்புறம் பின்புறமாகிவிடுகிறதே! ஆகையால், மனிதன் நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கி இருப்பதாக வைத்துக்கொண்டே வைத்தியர்கள் பேசுகிறார்கள். அவன் படுத்தாலும் புரண்டாலும் தலைப்பக்கம் மேல், பாதப்பக்கம் கீழ், நெஞ்சு முன், முதுகு பின். உடம்பின் நடுக்கோட்டை ஒட்டியது உட்புறம், விலகியது வெளிப்புறம். பெருவிரல் வெளிப்புறம், சுண்டுவிரல் உட்புறம். கல்லீரல் வலம், மண்ணீரல் இடம் என்பதும் நோயாளியின் வல இடமே. இது தவறினால் கத்தி வேறு பக்கம் போய்விடும்.

ஈப்போவில் நம் அன்பர் ஒருவர் தமது எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, இருதயம் வலப்பக்கம் இருக்கிறதே என்று இரவெல்லாம் தூங்கவில்லை. படத்திலிருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார் என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திராது. முன்னாளில் இங்குள்ள ரப்பர் தோட்டங்களில் தமிழ் பேசும் டிரசர்மார் இருந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் கேட்பார்கள். தோட்டங்கள் போயின, அவர்களும் போயினர்.

டாக்டர் கிறீன் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியராக்கினார். உடல் நலங்குன்றி 1873இல் ஊர் திரும்பிய பின்னரும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884 மே மாதம் காலமானார். தமிழருக்கு வைத்தியராக இருந்தவர் என்று வூஸ்டரில் உள்ள அவரது கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.