நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவர்)

எங்கள் ஊர் பனமலை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்கேயிருந்து செஞ்சி வந்து பஸ் மாறினால் திண்டிவனம். அந்தத் திண்டிவனத்தில் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரே ராத்திரியில் நடந்த சம்பவம்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு விதையாக அமைந்தது என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா பிரசங்கத்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மையாரின் பெயர் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவ மிஷனரிகள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியால் வாடிய பிள்ளைகளின் கையில் ரொட்டி கொடுத்த சிறுமி அவர். அந்தக் காட்சிகள் மனதில் அப்படியே தங்கிவிட்டன. பிறகு அமெரிக்கா போய்ப் படித்தார். இந்த வெயிலும் வறுமையும் நமக்கு வேண்டாம், அங்கேயே வசதியாக வாழ்ந்துவிடலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். நம்மில் எத்தனை பேர் ஊரை விட்டுப் போனால் போதும் என்று நினைக்கிறோம்! அவரும் நம்மைப் போல ஒரு பிள்ளைதான்.

1890ஆம் ஆண்டு தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததால், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திண்டிவனம் வந்தார். அங்கே இருந்த காலத்தில் ஒருநாள் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடா, தனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். அந்நிய ஆண் தன் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது வழக்கமில்லை என்று சொல்லி அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார்.

அன்று ராத்திரி ஐடாவுக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். பக்கத்து அறையிலேயே டாக்டர் இருந்தும், பெண் டாக்டர் இல்லாத ஒரே காரணத்தால் மூன்று உயிர்கள் போயின. ஐடா ஜெபத்தில் அழுதார். பிறகு பெற்றோரிடம் போய், தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னார்.

அமெரிக்கா போய் 1899ஆம் ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டு இந்தியா வந்த கொஞ்ச நாளிலேயே தந்தை இறந்துவிட்டார். ஆனாலும் சோர்ந்துபோகாமல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902ஆம் ஆண்டு 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்து ஜனங்களைத் தேடி வண்டியில் போய், சாலையோர மரத்தடியிலேயே மருந்து கொடுத்தார்.

தான் ஒருத்தி போதாது, நம் நாட்டுப் பெண்களே டாக்டராக வேண்டும் என்று 1918ஆம் ஆண்டு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். ஆனால் 1922இல் முதல் அணியில் தேர்வு எழுதிய 14 பேரும் தேறினார்கள். 1938ஆம் ஆண்டு, டிப்ளமா போன்ற அந்தப் படிப்பு இனி செல்லாது, பட்டப்படிப்புதான் வேண்டும் என்று அரசு சொன்னபோது பள்ளியையே மூடும் நிலை வந்தது. எழுபது வயதை எட்டிய அம்மையார் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி கொடைக்கானலில் அம்மையார் காலமானார்.

இதை நான் வீட்டில் சொன்னபோது எங்க பாட்டி அழுதுவிட்டது. என்ன ஆயா என்று கேட்டேன். அப்பாவுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாளாம், என் அத்தை. நான் பிறப்பதற்கு முன்னாலேயே, முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மாட்டு வண்டியிலேயே உயிர் போயிற்றாம். எங்க வீட்டில் அத்தையின் போட்டோகூட இல்லை. அன்றைக்குத்தான் பெயரே எனக்குத் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். தங்கை இந்த வருஷம் பத்தாவது தேறினாள். பெண் பிள்ளைக்கு இது போதும், தினம் பஸ்ஸில் யார் அனுப்புவது என்று வீட்டில் பேச்சு நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஃபீஸ் கட்டக் கஷ்டப்படுகிறார்கள், நான் என்ன சொல்ல முடியும் என்று இருந்தேன். ஐடாவின் கதை கேட்ட பிறகுதான் உறைத்தது. என் வீட்டுக் கதவையும் ஒருத்தி தட்டிக்கொண்டிருக்கிறாள், நான் எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

அன்று இரவு அப்பாவிடம் பேசினேன். லீவு நாளில் பட்டறை வேலைக்குப் போய் பஸ் செலவுக்கு நான் தருகிறேன், தங்கை பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் படிக்கட்டும் என்றேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. ஆயாதான் அத்தையின் பெயரைச் சொன்னது. கொஞ்சம் கழித்து, அப்ளிகேஷன் போடக் கடைசி நாள் எப்போ என்று அப்பா கேட்டார். இப்போது தங்கை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வருகிறாள்.

நண்பர்களே! விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு வருவதோடு முடிவதில்லை. நல்ல சமாரியன் உவமையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் இரண்டு பேர் விலகிப் போனார்கள். அவர்களும் கடவுளை அறிந்தவர்கள்தான். ஐடாவும் அந்த ராத்திரி உதவ முடியாமல்தான் நின்றார். ஆனால் விடிந்த பிறகு அதை மறந்துவிடவில்லை. எந்த மதமானாலும் சரி, நம்மிடம் கேட்டு வருகிறவருக்கு நம்மால் இன்றைக்கு முடியாமல் போகலாம். நாளைக்கு முடிகிற மாதிரி நம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வோம். அதற்குத்தான் படிப்பு.