நோயாளியின் மொழியில் பேசிய மருத்துவர்

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலக் கரையை அடைந்ததை நம்மவர் இன்றும் பெருமையோடு நினைவுகூருகின்றனர். அதே மாநிலத்திலிருந்து, அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் இளம் மருத்துவர் நம் குடாநாட்டை நாடிக் கப்பலேறி வந்தார். அவர்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் வூஸ்ரர் நகரில் பிறந்த கிறீன், 1847இல் அமெரிக்க மிசனின் மருத்துவ ஊழியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மானிப்பாயைத் தம் பணித்தளமாக்கிக்கொண்டு, பிணி தீர்த்ததோடு உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவமும் கற்பித்தார்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடங்கள் நடந்தன. ஆனால் ஆங்கிலத்தில் தேறியோர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். கிராமங்கள் மருத்துவரின்றியே இருந்தன. எனவே 1860களில் கிறீன் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலமே உயர்வுக்கு வழி என்றிருந்த காலத்தில் இது எளிய முடிவன்று. தமிழ் கற்று, மாணவர் துணையுடன் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்து, கலைச்சொற்களையும் ஆக்கினார். அப்பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட நூல்களுள் ஒன்று உடலமைப்பு, உடலின் தொழிற்பாடு ஆகியவற்றோடு உற்பாலனம், அதாவது உடல்நலம் பேணும் முறையையும் கற்பித்தது. உணவு, நீராடல், தூய காற்று, உடை என்பனவும் மருத்துவ மாணவருக்குப் பாடமாயின. மருந்தை மருத்துவர் கொடுத்துவிடலாம். நல்ல பழக்கத்தை நோயாளியே கைக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் விளங்கிக்கொள்ளும் மொழியில் அறிவுரை கூறத் தெரிந்திருக்க வேண்டும். தம் மாணவர் நடை உடையிலும் ஊராரோடு ஒன்றியிருக்க வேண்டுமென்றே கிறீன் விரும்பினார்.

அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் பயின்று மருத்துவராயினர். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்புப் பணியை அவர் கைவிடவில்லை. 1884இல் அங்கேயே உயிர்நீத்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்பதே அவர் கல்லறை தாங்கும் பெருமை. மானிப்பாயில் மருத்துவமனையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்பானவர்களே, இயேசுபிரான் மீனவரிடம் வலையையும் உழவரிடம் விதையையும் கொண்டே பேசினார். அறிவுரை கேட்பவரின் உள்ளத்தை அடைய வேண்டுமானால், கூறுபவர் முதலில் அவரிடம் இறங்கி வரவேண்டும். நம் இல்லங்களில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆளானோர் பலர். மருந்துச் சீட்டோடு அன்பான ஒரு விளக்கமும் அவர்களுக்குத் தேவை. அதை அளிக்கும் பொறுமையை நம் மருத்துவருக்கும், கேட்டு நடக்கும் மனத்தை நமக்கும் இறைவன் அருள்வாராக.