வெற்றி பெற்று வருந்திய அசோகர்

போரில் வென்ற மன்னர்கள் தங்கள் வீரத்தைக் கல்லில் வெட்டி வைப்பது வழக்கம். வென்றதற்காகத் தாம் வருந்தியதைக் கல்லில் வெட்டி வைத்தவர் அசோகர்.

இவர் சந்திரகுப்த மௌரியரின் பேரன். பிந்துசாரரின் மகன். தலைநகர் பாடலிபுத்திரம், அதுதான் இன்றைய பாட்னா. கி.மு. 268-ஐ ஒட்டி முடிசூடினார்.

கலிங்கப் போர்

முடிசூடிய எட்டாம் ஆண்டில் கலிங்கத்தின் மீது படையெடுத்தார். அது இன்றைய ஒடிசா பகுதி. போரில் 1 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 1½ லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இந்தக் கணக்கைச் சொல்வது எதிரிகள் அல்ல. அசோகரின் கல்வெட்டே சொல்கிறது.

அதன்பின் அவர் மனம் புத்தர் வழியில் ஆழ்ந்தது.

ஆனால் அந்த வருத்தம் கலிங்கத்துப் பாறைகளில் இல்லை. தவுளி, ஜௌகடா என்ற இடங்களில் வேறு உத்தரவுதான் இருக்கிறது. குடிமக்கள் தம் பிள்ளைகள் என்றும், காரணமின்றி யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்றும் அதிகாரிகளுக்கு அவர் கட்டளையிட்டார். கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எல்லா மதமும்

புத்த சமயம் கடல் கடந்தது இவரால்தான். மகன் மகேந்திரரும் மகள் சங்கமித்திரையும் இலங்கை சென்றதாக அந்நாட்டு நூல்கள் கூறுகின்றன. சோழ, பாண்டிய நாடுகளிலும் மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாகக் கல்வெட்டு கூறுகிறது.

மக்கள் பேசிய பிராகிருதத்தில்தான் அறம் சொன்னார். காந்தஹாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதச் செய்தார்.

பிற மதங்களை அவர் ஒடுக்கவில்லை. ஆசீவகத் துறவிகளுக்கு கயாவை அடுத்த பராபர் மலையில் குகைகள் குடைந்து கொடுத்தார். பிறர் மதத்தை இகழ்பவன் தன் மதத்துக்கே கேடு செய்கிறான் என்பது அவர் கருத்து.

மறைந்த பெயர்

கி.மு. 232-ஐ ஒட்டி அசோகர் இறந்தார். சுமார் 50 ஆண்டுகளில் மௌரிய ஆட்சியும் முடிந்தது. காலப்போக்கில் அவருடைய எழுத்தைப் படிக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் அதைப் படித்தார். ஆனால் அந்தக் கல்வெட்டுகளில் பட்டப்பெயர்தான் இருந்தது. 1915-ல் ராய்ச்சூர் மாவட்டம் மஸ்கியில், தங்கச் சுரங்க என்ஜினீயர் பீடன் ஒரு பாறை எழுத்தைக் கண்டார். அசோகர் என்ற பெயர் அதில் இருந்தது. ஐயம் தீர்ந்தது.

சாரநாத்தில் அவர் நாட்டிய தூணின் சிங்கங்களே 1950 முதல் நம் அரசு முத்திரை. நம் கையில் உள்ள ரூபாய் நாணயத்திலும் அவற்றைக் காணலாம்.